நூல் பக்கத்தில் எழுத்தின் அளவு, இடைவெளி, தடிமன்

ஒரே 11 பாயிண்ட்டில் அமைத்த இரண்டு எழுத்துருக்களில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் தெரிவதுண்டு. பாயிண்ட் என்பது எழுத்தின் உயரமன்று. ஈய அச்சுக் காலத்தில் எழுத்து வார்க்கப்பட்ட கட்டையின் உயரம் அது. கணினியில் கட்டை மறைந்துவிட்டாலும் அளக்கும் முறை மாறவில்லை. இன்றைய பாயிண்ட் ஓர் அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. அந்த உயரத்துக்குள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்பது எழுத்துருவை உருவாக்குபவரின் முடிவு. எனவே முந்தைய நூலுக்குப் பொருந்திய எண்ணை, எழுத்துரு மாறிய பின்னும் அப்படியே பயன்படுத்தலாகாது.

முதலில் வரியின் அகலத்தை முடிவு செய்யுங்கள், 5.5 அங்குல அகலமுள்ள நூலில் ஓரங்கள் போக ஏறத்தாழ 4 அங்குலம் மிஞ்சும். பிறகு நூலிலிருந்தே நீண்ட பத்தியும் உரையாடலும் கலந்த ஒரு பக்கத்தை எடுத்து, 10, 10.5, 11 பாயிண்ட்களில் அமைத்து, தாளுக்கேற்பச் சுருக்காமல் முழு அளவில் அச்சிட்டு, நூலைப் பிடிக்கும் தொலைவில் வைத்துப் படியுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்து எடுக்கும் முடிவை நம்ப வேண்டாம்.

அதிகக் கவனம் வேண்டுவது வரி இடைவெளிதான், அதாவது ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை உள்ள தொலைவு. மென்பொருள் பெரும்பாலும் தானாகத் தரும் 120 விழுக்காடு, அதாவது 11 பாயிண்ட்டுக்கு 13.2, தமிழுக்குப் போதாது. மேல்விலங்கும் ('கி', 'கீ' ஆகியவற்றின் மேல் வளைவு) புள்ளியும் மேலே எழ, ழு, மூ, ஞ போன்றவை கீழே இறங்குவதால், ஒரு வரியின் 'ழு' அடுத்த வரியின் 'கீ'யை இடிக்கும். 15 அல்லது 16 பாயிண்ட்டில் தொடங்கிப் பாருங்கள்; வரி நீண்டால் இன்னும் சற்றுக் கூட்டுங்கள். பக்கங்களைக் குறைத்தே தீரவேண்டுமென்றால், எழுத்தில் அரைப் பாயிண்ட் குறைப்பது வரிகளை நெருக்குவதைவிட மேல்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆதலால் இருபுறமும் சீராக்கிய வரிகளில் சொற்களுக்கிடையே பள்ளம் விழும். அதை நிரப்ப எழுத்துகளை விலக்கி வைத்தால் 'கொ'வின் துணைக்கால் பிரிந்து 'ர' போல மயங்கும். வரியிறுதியில் சொல்லைப் பிரிப்பதே நல்லது. ஆனால் புள்ளி வைத்த எழுத்தில் அடுத்த வரி தொடங்கக் கூடாது. 'படித்தார்' என்பதைப் 'படித்', 'தார்' என்று பிரிக்கலாம். 'படி', 'த்தார்' என்று பிரிக்கலாகாது.

எழுத்துருவின் தடிமனைக் குறிக்கும் எண்களில் 400 என்பது வழக்கமான எழுத்து, 700 என்பது போல்ட் எனும் தடித்த எழுத்து. உடல்பகுதிக்கு முன்னதே போதும். எழுத்துருவில் போல்ட் தனியாக இல்லாதபோது மென்பொருள் கோட்டைத் தடிக்கவைத்துப் போலியாக ஒன்றைச் செய்துவிடும்; அதில் ண, ஞ, இ ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுப்போகும். பூச்சில்லாத தாளில் மை பரவிக் கோடுகள் மேலும் தடிப்பதால், அச்சகத்தில் அதே தாளில் ஒரு மாதிரிப் பக்கம் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே தடிமனை உறுதிசெய்யுங்கள். சாய்வெழுத்தைப் பொறுத்தவரை, தமிழில் பெரும்பாலும் நேரெழுத்தை மென்பொருள் சாய்த்துத் தருவதுதான். மேற்கோள் குறி இருக்கும்போது அது எதற்கு?