கண்ணாடியில் கீறலா? பற்பசையைத் தொடாதீர்கள்

மாலையில் டச்பே கடற்கரையில் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்து, கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உப்புப் படலம் மங்கலாகத் தெரியும். அதில் பொடிப்பொடியாக மணலும் ஒட்டியிருக்கும். அதை அப்படியே சாரத்து நுனியால் துடைக்கிறோமே, பெரும்பாலான கீறல்கள் அப்போதுதான் விழுகின்றன. மணலில் இருக்கும் குவார்ட்ஸ், இப்போது நாம் போடும் பிளாஸ்டிக் லென்ஸை விட எவ்வளவோ கடினமானது. துணி எத்தனை மென்மையாக இருந்தாலும் மணலைத்தான் தேய்க்கிறது.

முதலில் பைப் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி எடுத்து விரலால் இரு பக்கமும் தடவி, திரும்பவும் அலசி, நீரை உதறிவிட்டு, அப்புறம் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். கூட்டுக்குள் மாதக்கணக்காகக் கிடக்கும் அந்தத் துணியையும் துவைக்க வேண்டும். அதிலும் மணல் இருக்கும்.

சரி, கீறல் விழுந்துவிட்டது. உடனே யாராவது பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். என் மாமா அப்படித்தான் செய்தார். கீறல் மறைந்தது போலத்தான் இருந்தது. மறுநாள் வெயிலில் பார்த்தால், தேய்த்த இடம் மட்டும் பனி மூடியது போல வெளுத்திருந்தது. லென்ஸின் மேலுள்ள கீறல் தடுப்புப் பூச்சு சில மைக்ரோன் தடிப்புத்தான். வெளிச்சம் தெறிக்காமலிருக்கப் போடும் பூச்சு அதைவிட மெல்லியது. பற்பசையில் இருக்கும் உரசும் துகள்கள் இரண்டையுமே சுரண்டிவிடும். அப்பச்சோடாவும் அப்படித்தான். நகப்பூச்சு அகற்றும் அசற்றோன் இன்னும் மோசம், சில பிளாஸ்டிக் லென்ஸ்களையும் பிரேமையும் கூடக் கெடுத்துவிடும்.

கச்சான் காற்று வீசும் காலத்து மதிய வெயிலில், நிறுத்திய வாகனத்தின் முன்கண்ணாடிக்குக் கீழே கண்ணாடியை வைத்துவிட்டுப் போகாதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் விரியும் அளவுக்கு மேற்பூச்சு விரியாது. சிலந்தி வலை போல வெடித்துவிடும். அதைக் கீறல் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருப்பவர்கள் பலர்.

ஓரத்தில் ஒரு கீறல் என்றால் விட்டுவிடலாம். நடுவில் இருந்து, இரவில் எதிரே வரும் வாகன வெளிச்சம் சிதறித் தெரிந்தால், அந்தக் கண்ணாடியோடு ஓட்டாதீர்கள். பிரேம் நன்றாக இருந்தால் லென்ஸை மட்டும் மாற்றித் தருவார்களா என்று கடையில் கேளுங்கள். கண்ணைச் சோதித்து நாளாகியிருந்தால், அதை முடித்துவிட்டே லென்ஸுக்குச் சொல்லுங்கள்.