டெக்சாஸ்ல வீட்ல இருந்தே ஆன்லைன் வியாபாரம்: எல்எல்சி நீங்களே போடறது எப்படி?

பிளேனோ, ஃப்ரிஸ்கோ, இர்விங் பக்கம் வீட்ல இருந்தே புடவை, இமிடேஷன் ஜுவல்லரி, கொலு பொம்மைன்னு வாட்ஸ்அப்லயும் இன்ஸ்டாலயும் விக்கிறவங்க நிறைய பேர். வியாபாரம் கொஞ்சம் சூடு பிடிச்சதும் எல்லாருக்கும் வர்ற யோசனை, ஒரு எல்எல்சி போட்டுடலாமாங்கறதுதான். உடனே யூடியூப்ல தேடினா ஒருத்தர் டெலவேர்ல போடுங்கறார், இன்னொருத்தர் வயோமிங்னு சொல்றார், மூணாவது ஆள் எல்எல்சி போட்டா டாக்ஸே கட்ட வேணாம்னு அடிச்சு விடறார். இந்த போஸ்ட் டெக்சாஸ்ல குடியிருந்துக்கிட்டு சின்னதா ஆன்லைன்ல விக்கிறவங்களுக்கு. வேற ஸ்டேட்ல இருந்தீங்கன்னா ஃபார்ம் பேரும் ஃபீஸும் மாறும், வேலை வரிசை கிட்டத்தட்ட இதேதான்.

போடறதுக்கு முன்னாடி

எல்எல்சிங்கறது உங்களுக்கும் உங்க வியாபாரத்துக்கும் நடுவுல சட்டம் எழுப்பித்தர்ற ஒரு சுவர். கம்பெனி பேர்ல கடன் ஆச்சு, கம்பெனி மேல கேஸ் வந்துச்சுன்னா கம்பெனி அக்கவுண்ட்ல இருக்கறது, ஸ்டாக்ல இருக்கறது இதோட நின்னுடும், உங்க வீடு, கார், சேவிங்ஸ் பக்கம் வராது. ஆனா எல்லாத்தையும் அது தடுக்காது. நீங்களே நேரடியா ஒருத்தருக்கு நஷ்டம் பண்ணிட்டா அதுக்கு நீங்கதான் பொறுப்பு. அதே மாதிரி பேங்க்ல லோனோ பிசினஸ் கிரெடிட் கார்டோ வாங்கறப்போ பர்சனல் கியாரண்டின்னு ஒரு கையெழுத்து கேப்பாங்க பாருங்க, அதுல கையெழுத்து போட்டீங்கன்னா அந்தக் கடனுக்கு எல்எல்சி இருந்தாலும் ஒண்ணுதான் இல்லாட்டாலும் ஒண்ணுதான்.

அடுத்தது டாக்ஸ். ஒரே ஒரு ஓனர் இருக்கற எல்எல்சியை ஐஆர்எஸ் (அமெரிக்க வரி ஆபீஸ்) தனி ஆளா கணக்குலயே எடுத்துக்காது, வருமானம் எல்லாம் உங்க வருஷ டாக்ஸ் ரிட்டர்னான 1040 கூட வைக்கிற ஷெட்யூல் சி-யில தான் போகும், எல்எல்சி இல்லாம வித்தா எங்க போகுமோ அங்கயேதான். லாபத்துல 92.35 சதவீதத்துக்கு 15.3 சதவீதம் செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் டாக்ஸ் (சொந்தமா தொழில் பண்றவங்க சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேருக்கு கட்டறது), அதுக்கு மேல வழக்கமான இன்கம் டாக்ஸ். வருஷத்துக்கு 400 டாலர் லாபம் வந்தாலே இது ஆரம்பிச்சுடும். லேப்டாப், ஷிப்பிங், பார்சல் கவர் செலவு கழிக்கறதெல்லாம் எல்எல்சி இல்லாதவங்களும் கழிக்கலாம். அதனால டாக்ஸ் மிச்சம் பண்ணணும்னு மட்டும் எல்எல்சி போடாதீங்க, அப்படி ஒண்ணும் மிச்சம் ஆகாது. லாபம் நல்லா பெருசான அப்புறம் ஃபார்ம் 2553 போட்டு எஸ் கார்ப்ங்கற வேற டாக்ஸ் முறைக்கு மாறறதுன்னு ஒரு வழி இருக்கு, அது சிபிஏ (லைசென்ஸ் இருக்கற அக்கவுண்டன்ட்) கிட்ட உக்காந்து பேச வேண்டிய விஷயம், இப்ப வேணாம்.

விசா பத்தி ஒரு வார்த்தை. ஹெச்-4ல ஈஏடி (வேலை பாக்க அனுமதி) கார்டு இருக்கறவங்க தாராளமா சொந்த வியாபாரம் நடத்தலாம். ஹெச்-1பி-ல இருக்கறவங்க விஷயம் அப்படி இல்ல, கம்பெனி உங்க பேர்ல இருக்கறது வேற, அதுல ஆர்டர் பேக் பண்றது, கஸ்டமருக்கு பதில் சொல்றதுன்னு வேலை பாக்கறது வேற, ரெண்டாவதுக்கு உங்க விசா இடம் குடுக்காது. இமிக்ரேஷன் லாயர் கிட்ட ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் மத்ததை யோசிங்க, வாட்ஸ்அப் குரூப்ல கேக்காதீங்க.

ஸ்டெப் 1: எந்த ஸ்டேட்?

நீங்க எங்க குடியிருந்து வியாபாரம் பண்றீங்களோ அங்க. இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல, ஆனா இங்கதான் ஜனங்க காசை கரியாக்கறாங்க. வயோமிங்ல பதிய 100 டாலர், டெக்சாஸ்ல 300 டாலர், அதனால வயோமிங் லாபம்னு தோணும். 1977ல அமெரிக்காவிலேயே முதல்முதலா எல்எல்சி சட்டம் கொண்டு வந்த ஸ்டேட் அதுங்கற பேர் வேற. ஆனா நீங்க சரக்கு வச்சிருக்கறது டெக்சாஸ்ல, பேக் பண்றது டெக்சாஸ்ல, அப்படின்னா அந்த வயோமிங் கம்பெனியை டெக்சாஸ்ல வெளி ஸ்டேட் கம்பெனின்னு மறுபடி பதியணும், அதுக்கு ஃபீஸ் 750 டாலர். கூட வயோமிங்ல ஒரு ஏஜென்ட்டுக்கு வருஷா வருஷம் காசு, அங்க வருஷ ரிப்போர்ட்டுக்கு குறைஞ்சது 60 டாலர். டெலவேர்ல போட்டா வருஷத்துக்கு 300 டாலர் டாக்ஸ், வியாபாரம் நடந்தாலும் நடக்காட்டாலும். டெலவேர் பெரிய இன்வெஸ்டர்கிட்ட காசு வாங்கப்போற ஸ்டார்ட்அப்புக்கு சரி, காஞ்சிபுரம் பட்டு விக்கிறவங்களுக்கு எதுக்கு?

ஸ்டெப் 2: பேர்

டெக்சாஸ் காம்ப்ட்ரோலர் (ஸ்டேட் வரி வாங்கற ஆபீஸ்) வெப்சைட்ல கம்பெனி பேர் தேடற பக்கம் இருக்கு, காசு கிடையாது, அதுல நீங்க நினைச்ச பேர் ஏற்கனவே இருக்கான்னு பாருங்க. பேர் கடைசியில எல்எல்சின்னோ லிமிடெட் லயபிலிட்டி கம்பெனின்னோ வரணும். ஸ்டேட்ல பேர் கிடைச்சா டிரேட்மார்க்கும் கிடைச்ச மாதிரின்னு அர்த்தம் இல்ல, அதனால டிரேட்மார்க் ஆபீஸான யுஎஸ்பிடிஓ சைட்லயும் ஒரு தேடல் தேடிடுங்க, டொமைன் பேரும் இன்ஸ்டா ஐடியும் காலியா இருக்கான்னு அதே மூச்சுல பாத்துடுங்க. கம்பெனி ஒரு பேர்லயும் கடை வேற பேர்லயும் நடத்தணும்னா ஃபார்ம் 503 இருக்கு, 25 டாலர், 10 வருஷம் வரைக்கும் செல்லும்.

ஸ்டெப் 3: ரிஜிஸ்டர்டு ஏஜென்ட்

கம்பெனி மேல யாராவது கேஸ் போட்டா பேப்பரை கையில வாங்கிக்க ஒரு ஆள், அவ்வளவுதான் இது. டெக்சாஸ்ல நிஜமான தெரு அட்ரஸ் வேணும், போஸ்ட் பாக்ஸ் ஆகாது. நீங்களே இருக்கலாம், கம்பெனி தனக்குத்தானே ஏஜென்ட்டா இருக்க முடியாது. ஒரே சிக்கல், அந்த அட்ரஸ் பப்ளிக் ரெக்கார்டுல போயிடும், யார் வேணா தேடி எடுக்கலாம். வீட்டு அட்ரஸ் வெளிய தெரியக்கூடாதுன்னு நினைக்கிறவங்க, குறிப்பா தனியா இருக்கற பொண்ணுங்க, ஒரு ஏஜென்ட் சர்வீஸுக்கு காசு குடுக்கறது நியாயமான செலவு. ஆனா ஃபார்ம்ல மேனேஜர் இல்லன்னா மெம்பர் (அதாவது ஓனர்) அட்ரஸ்னு இன்னொரு இடமும் இருக்கு, அங்க வீட்டு அட்ரஸ் போட்டுட்டு ஏஜென்ட்டுக்கு மட்டும் காசு குடுத்தா பிரயோஜனம் இல்ல.

ஸ்டெப் 4: ஃபார்ம் 205

சர்டிஃபிகேட் ஆஃப் ஃபார்மேஷன்னு பேரு. செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் நடத்தற எஸ்ஓஎஸ் டைரக்ட் சைட்ல ஆன்லைன்லயே போடலாம், 300 டாலர், கார்டுல கட்டினா கொஞ்சம் சர்வீஸ் சார்ஜ் மேல சேரும். பேர், ஏஜென்ட், மேனேஜர் நடத்தறதா மெம்பரே நடத்தறதா, அட்ரஸ், கையெழுத்து, இவ்வளவுதான். தனியா இல்ல ரெண்டு பேரா நடத்தறவங்க மெம்பர் நடத்தறதுன்னே போடுங்க. என்னைக்குல இருந்து கம்பெனி ஆரம்பம்னு கேக்கும், ஃபைல் ஆன அன்னைக்குன்னு போடலாம், இல்லன்னா 90 நாளுக்குள்ள பின்னாடி ஒரு தேதி குடுக்கலாம். நவம்பர் டிசம்பர்ல போடறவங்க ஜனவரி 1னு குடுத்தா முதல் வருஷ கணக்கு சுத்தமா ஆரம்பிக்கும், எனக்கு இது பிடிச்ச வழி.

இதையே பண்ணித்தர ஏஜென்சிக்காரங்க பேக்கேஜ் பேக்கேஜா விப்பாங்க. உங்களால ஒரு பாஸ்போர்ட் ரினியூவல் ஃபார்ம் நிரப்ப முடியும்னா இதையும் நிரப்ப முடியும்.

ஸ்டெப் 5: ஈஐஎன்

கம்பெனிக்கு ஐஆர்எஸ் தர்ற டாக்ஸ் நம்பர்தான் ஈஐஎன், ஸ்டேட் அப்ரூவல் வந்த அப்புறம்தான் இது. ஐஆர்எஸ் சைட்ல ஆன்லைன்ல பத்து நிமிஷ வேலை, முழுக்க இலவசம், காசு கேக்கற சைட் எதுவும் ஐஆர்எஸ் சைட் இல்ல. எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) இல்லன்னா ஐடிஐஎன் (அது இல்லாதவங்களுக்கு ஐஆர்எஸ் தர்ற டாக்ஸ் நம்பர்) வேணும். நடுவுல சேவ் பண்ண முடியாது, கொஞ்ச நேரம் சும்மா விட்டா வெளிய தள்ளிடும், அதனால அடுப்புல எதையும் வச்சுட்டு உக்காராதீங்க. கடைசியில சிபி 575ன்னு ஒரு லெட்டர் வரும், அதை அப்பவே டவுன்லோட் பண்ணி ரெண்டு இடத்துல வைங்க, பேங்க்ல கண்டிப்பா கேப்பாங்க, ஐஆர்எஸ் அந்த லெட்டரை திரும்ப தராது, போன்ல கூப்பிட்டு கேட்டா 147சின்னு வேற ஒரு லெட்டர்தான் தருவாங்க.

ஸ்டெப் 6: கம்பெனி அக்ரிமென்ட்

மத்த ஸ்டேட்ல ஆபரேட்டிங் அக்ரிமென்ட்னு சொல்றதை டெக்சாஸ் சட்டத்துல கம்பெனி அக்ரிமென்ட்னு சொல்வாங்க. யார்கிட்டயும் ஃபைல் பண்ண வேணாம், உங்ககிட்டயே இருக்கும். ஒரே ஆளா இருந்தா ரெண்டு மூணு பக்கம் போதும். ஃபிரெண்டோட சேந்து ஆரம்பிக்கிறீங்கன்னா இங்க சோம்பேறித்தனம் காட்டாதீங்க, யார் எவ்வளவு போட்டாங்க, லாபம் எப்படி பிரியும், ஒருத்தர் இந்தியாவுக்கே திரும்பிப் போயிட்டா அவங்க பங்கு என்ன ஆகும், மிச்ச ஸ்டாக் யாருக்கு, இதெல்லாம் நல்லா பேசிட்டு இருக்கறப்பவே எழுதிடணும், முகம் குடுத்து பேசாத நிலைமை வந்த அப்புறம் எழுத முடியாது.

புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஓனர்னா ஒரு நல்ல சேதி. ரெண்டு ஓனர் இருந்தா வழக்கமா ஃபார்ம் 1065ன்னு தனி ரிட்டர்ன் மார்ச் 15க்குள்ள போடணும், லேட் ஆனா ஒவ்வொரு ஓனருக்கும் மாசக்கணக்குல ஃபைன் ஏறும். ஆனா டெக்சாஸ் கம்யூனிட்டி பிராப்பர்டி ஸ்டேட் (கல்யாணத்துக்கு அப்புறம் சம்பாதிக்கறது பொதுவா ரெண்டு பேருக்கும் சொந்தம்), அதனால ஓனர்ஷிப் முழுக்க தம்பதி கையில மட்டும் கூட்டு சொத்தா இருந்தா அதை ஒரே ஆள் எல்எல்சி மாதிரியே கணக்கு காட்ட ஐஆர்எஸ் ஒத்துக்குது, ரெவின்யூ புரொசீஜர் 2002-69னு அதுக்கு ரூலே இருக்கு. டாக்ஸ் பாக்கறவர் கிட்ட இந்த நம்பரை சொல்லுங்க.

ஸ்டெப் 7: பேங்க் அக்கவுண்ட்

எனக்கு கேட்டா இருக்கற ஸ்டெப்லயே முக்கியமானது இதுதான். ஃபார்ம் 205 காப்பி, ஈஐஎன் லெட்டர், அக்ரிமென்ட் மூணையும் எடுத்துட்டு போய் கம்பெனி பேர்ல அக்கவுண்ட் ஆரம்பிங்க. அப்புறம் கஸ்டமர் Zelle ஆப் வழியா அனுப்பற பணம் உங்க சொந்த நம்பருக்கு வரக்கூடாது, பட்டேல் பிரதர்ஸ்ல வாங்கற வெண்டைக்காய்க்கு கம்பெனி கார்டை தேய்க்கக்கூடாது. கேஸ்னு வந்தா எதிர் பக்கத்து வக்கீல் ரெண்டு பணமும் கலந்திருக்கான்னு தேடுவார், கலந்திருந்தா இது கம்பெனியே இல்ல, வெறும் பேருக்கு வச்சிருக்காங்கன்னு வாதாடி சுவரை உடைக்கப் பாப்பார். உங்களுக்கு பணம் வேணும்னா கம்பெனி அக்கவுண்ட்ல இருந்து சொந்த அக்கவுண்ட்டுக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணி, ஓனர் டிரா (owner's draw, ஓனர் எடுத்த பணம்)ன்னு குறிச்சு வச்சுட்டு, அங்க இருந்து செலவு பண்ணுங்க. ஒரு கிளிக் கூட, அவ்வளவுதான். அப்படியே லாபத்துல ஒரு பங்கை டாக்ஸுக்குன்னு ஒதுக்குங்க, ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15னு எஸ்டிமேட்டட் டாக்ஸ் கட்ட அது வேணும்.

ஸ்டெப் 8: சேல்ஸ் டாக்ஸ் பர்மிட்

காம்ப்ட்ரோலர் கிட்ட இலவசமா கிடைக்கும். டெக்சாஸ்ல உக்காந்து டெக்சாஸ் கஸ்டமருக்கு விக்கிறப்போ முதல் புடவைல இருந்தே கஸ்டமர்கிட்ட டாக்ஸ் வாங்கணும், ஸ்டேட்டுக்கு 6.25 சதவீதம், ஊருக்கு 2 சதவீதம் வரைக்கும், மொத்தம் 8.25 தாண்டாது. எட்ஸி, அமேசான் வழியா விக்கிறதுக்கு அவங்களே வாங்கி கட்டிடுவாங்க, உங்க சொந்த சைட்லயும் வாட்ஸ்அப்லயும் விக்கிறதுக்கு நீங்க. வெளி ஸ்டேட் கஸ்டமர்னா அந்த ஸ்டேட்ல ஒரு அளவுக்கு மேல வித்தாதான் அங்க டாக்ஸ், நிறைய ஸ்டேட்ல அது வருஷத்துக்கு 1 லட்சம் டாலர். ஒரு மாசம் எதுவும் விக்கலைன்னாலும் ரிப்போர்ட் தேதி வந்தா சைபர்னு போட்டே ஆகணும், லேட்டா போட்டா ரிப்போர்ட்டுக்கு 50 டாலர் ஃபைன். பர்மிட் இருந்தா இங்க ஹோல்சேல்ல வாங்கறப்போ ரீசேல் சர்டிஃபிகேட் குடுத்து டாக்ஸ் இல்லாம வாங்கலாம். ஊர்ல இருந்து சின்ன சின்ன பார்சலா வரவழைக்கிறவங்க கவனிங்க, 800 டாலருக்குள்ள இருந்தா டியூட்டி இல்லங்கற சலுகையை 2025 ஆகஸ்ட் 29ல இருந்து நிறுத்திட்டாங்க, விலை போடறப்போ அதையும் சேத்து போடுங்க.

பதிஞ்ச அப்புறம் வர்ற லெட்டருங்க

கொஞ்ச நாள்ல கவர்மென்ட் லெட்டர் மாதிரியே முத்திரை எல்லாம் போட்டு தபால் வரும், சர்டிஃபிகேட் வாங்கு, லேபர் போஸ்டர் வாங்கு, கடைசி தேதின்னு. அடியில பொடி எழுத்துல இது அரசாங்க நிறுவனம் இல்லன்னு இருக்கும். குப்பைத்தொட்டி. பிஓஐ ரிப்போர்ட் (கம்பெனியோட நிஜ ஓனர் யாருன்னு சொல்றது) ஃபைல் பண்ணித்தர்றோம்னு காசு கேட்டாலும் அதேதான், அமெரிக்காவுல ஆரம்பிச்ச கம்பெனிங்களுக்கு அது வேணாம்னு, அந்த ரிப்போர்ட்டை வாங்கற ஃபெடரல் ஆபீஸான ஃபின்சென் 2025 மார்ச்லயே விலக்கு குடுத்திடுச்சு.

தூக்கி போடக்கூடாத லெட்டர் காம்ப்ட்ரோலர் கிட்ட இருந்து வர்றது. டெக்சாஸ்ல ஃபிராஞ்சைஸ் டாக்ஸ்னு ஸ்டேட் கம்பெனிங்ககிட்ட வாங்கற ஒரு வரி இருக்கு, 2024, 2025 ரிப்போர்ட்டுக்கு வருமானம் 24.7 லட்சம் டாலர் வரைக்கும் ஒண்ணும் கட்ட வேண்டியிருக்கல, நம்மள்ல யாரும் அந்தப் பக்கம் போகப்போறதில்ல. ஆனா பப்ளிக் இன்ஃபர்மேஷன் ரிப்போர்ட்னு ஒண்ணை வருஷா வருஷம் மே 15க்குள்ள போடணும், கம்பெனி ஆரம்பிச்ச அடுத்த வருஷத்துல இருந்து. காசு இல்ல, அஞ்சு நிமிஷ வேலை, அதனாலேயே மறந்துடுவாங்க. தொடர்ந்து விட்டா கம்பெனியோட உரிமையை பறிச்சுடுவாங்க, அதுக்கப்புறம் ஆகற கடனுக்கு கம்பெனியை நடத்தறவங்களே கைக்காசு போட வேண்டி வரலாம்னு டெக்சாஸ் டாக்ஸ் கோடு 171.255 சொல்லுது. 300 டாலர் குடுத்து வாங்கின பாதுகாப்பு ஒரு இலவச ஃபார்ம்ல போயிடும். அந்த லெட்டர்ல எக்ஸ்டின்னு ஆரம்பிக்கிற வெப்ஃபைல் நம்பர் இருக்கும், ஆன்லைன்ல ரிப்போர்ட் போட அதுதான் வேணும். போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, போன் காலண்டர்ல மே 1னு வருஷா வருஷம் அடிக்கிற மாதிரி ஒரு ரிமைண்டர் போட்டுடுங்க.