ஹோலோடு சேர்ந்த குசினி: நிறத்துக்கு முன்னம் புகையைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் புதிதாக வீடு கட்டுகிற பலர் இப்போது ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் சுவரே வேண்டாம் என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அலுமாரி நிறம் தேடுவதற்கு முன்னம் ஒன்று சொல்லுங்கள், தூளுக்கு மிளகாய் எங்கே வறுக்கப் போகிறீர்கள்? செத்தல் மிளகாய் சட்டியில் ஏறினால் ஹோலில் இருக்கிற ஆட்கள் எல்லாம் தும்ம வேண்டியதுதான், மீன் பொரித்த வாசமும் சோபாத் துணியை இலேசில் விடாது. அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சுகிற ஹூட் பூட்டினால் போதும் என்பார்கள், நான் நம்பவில்லை. பின்பக்கம் ஆறடிக்கு எட்டடி இடம் ஒதுக்கி ஒரு சின்னக் குசினி போடுங்கள். வறுப்பு, பொரியல், மீன் வெட்டுகிறது, உரல், அம்மி, திருவலை எல்லாம் அங்கே போனால்தான் முன்குசினி வெறுமையாக, அழகாக நிற்கும்.

முன்குசினியை அக்கினி மூலையில், அதாவது தென்கிழக்கில் வைக்கிறவர்கள் அடுப்பைத் தெற்கு ஜன்னலோடு வைக்க வேண்டாம். சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாதங்களில் அது அந்த ஜன்னலால் வந்து புகையை நேரே ஹோலுக்குத் தள்ளும், நெருப்பும் அலையும். கிழக்குச் சுவர்தான் வசதி. காஸ் சிலிண்டர் வெளியே காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும், ஏனென்றால் சமையல் காஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையிலேயே தேங்கி நிற்கும்.

பார்வைக்கு ஒன்றாகத் தெரிய வேண்டுமென்றால் தரை மாபிள் ஹோலில் இருந்து குசினி வரை ஒரே மாதிரி, இடையில் படியோ கோடோ இல்லாமல் ஓட வேண்டும். அலுமாரிக் கதவு சுவரின் நிறத்தில், மரம் தெரிகிற இடமெல்லாம் வாசல் கதவின் மரத்தில், மேடைக்கு மேலே ஒரு கல். இந்த மூன்றுக்கு மேல் நான்காவது ஒன்றைச் சேர்க்கவே வேண்டாம். கல்லுக்குக் கிரனைட் போதும், வெள்ளைப் பளிங்கு புளியும் தேசிக்காயும் பட்டால் அரித்துப் போகும். மேடை உயரத்தை மேசனிடம் விடாமல், சமைக்கிறவரை நிற்க வைத்து, மடித்த முழங்கைக்கு நான்கு அங்குலம் கீழே கோடு போடுங்கள். நடுவில் மேசை மாதிரி இன்னொரு மேடை கட்டினால் சுற்றி மூன்றரை அடியாவது நடக்க இடம் வேண்டும், அவ்வளவு இல்லையென்றால் அந்த ஆசையை விட்டுவிடலாம்.

கீழே தட்டுகளுக்குப் பதிலாக ஆழமான லாச்சிகள் அடியுங்கள், குனிந்து தேடத் தேவையில்லை. மேல் அலுமாரி ஒரு சுவரில் மட்டும், கூரை வரைக்கும்.

அப்புறம் பைப். எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக் கல், கிணற்றுத் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளை படியும். படங்களில் வருகிற அந்தக் கறுப்புப் பைப்பை அக்கா ஆசைப்பட்டு வாங்கிப் பூட்டினா, இப்போது ஆட்கள் வருகிறார்கள் என்றால் தேசிக்காய்ப் பாதியோடு அதைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறா.