ஜெனரேட்டிவ் ஏஐ கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"முதலில் ஆங்கிலத்தைச் சரிசெய்துகொள்கிறேன், அப்புறம் ஏஐ பக்கம் போகிறேன்" என்று தள்ளிப்போடுபவர்கள் நிறைய. தேவையே இல்லை. கேட்டதை எழுதித் தரும் ஜெனரேட்டிவ் ஏஐ கருவிகளான சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் எல்லாமே தமிழில் கேட்டால் தமிழில் பதில் தரும். தப்புத்தப்பான ஆங்கிலத்தில் கேட்டாலும் பெரும்பாலும் புரிந்துகொள்ளும். பதிலைக் கெடுப்பது இலக்கணப் பிழையைவிட, கேள்வியில் விவரம் இல்லாததுதான். "ரெஸ்யூமே எழுதிக் கொடு" என்று மட்டும் கேட்டால் பொத்தாம்பொதுவாக ஒன்று வரும். எந்த வேலைக்கு, எத்தனை வருட அனுபவம், எத்தனை பக்கம் என்று சொல்லுங்கள், அரைகுறை ஆங்கிலத்திலாவது.

அதற்காகத் தமிழ்ப் பதிலும் ஆங்கிலப் பதிலும் ஒரே தரம் என்று நினைத்துவிட வேண்டாம். இவற்றை இயக்கும் ஏஐ மாடல்கள் பயிற்சியின்போது படித்த எழுத்தில் ஆங்கிலத்தின் பங்கு மிக அதிகம். தொழில்நுட்பக் கேள்விகளில் தமிழ்ப் பதில் மேலோட்டமாகத் தோன்றினால், அதையே ஆங்கிலத்தில் விரிவாக எழுதச் சொல்லி, பிறகு பத்தி பத்தியாகத் தமிழில் விளக்கச் சொல்லலாம். ஏபிஐ வழியாக, அதாவது சொந்த நிரலிலிருந்து நேராக மாடலை அழைத்து, காசு கொடுத்துப் பயன்படுத்தப் போகிறவர்கள் டோக்கனையும் கவனிக்க வேண்டும். மாடல் எழுத்தைத் துண்டுதுண்டாக வெட்டித்தான் படிக்கிறது, அந்தத் துண்டுதான் டோக்கன், கட்டணமும் அதன் கணக்கில்தான். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாடல் வந்தபோது, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் காட்டிய தமிழ் எடுத்துக்காட்டில், முன்பு 116 டோக்கன் பிடித்த வாசகம் 35 ஆகக் குறைந்தது. அதுவரை தமிழுக்கு எவ்வளவு கூடுதலாகச் செலவானது என்று பாருங்கள்.

என்னைக் கேட்டால், மோசமான தவறு நல்ல ஆங்கிலத்தைப் பார்த்ததும் நம்பிவிடுவது. மாடல் அடுத்து வரக்கூடிய டோக்கனைக் கணித்துக் கணித்து எழுதுகிறது. உண்மையைச் சொல்லும்போதும், இல்லாததைச் சொல்லும்போதும் அதன் நடை ஒன்றேதான். 2023-ல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய வழக்குகளை மேற்கோள் காட்டி நீதிமன்றத்தில் மனு கொடுத்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. ஆங்கிலத்திலேயே தொழில் செய்கிறவர்களுக்கே அந்த நிலை. நமக்கோ, இவ்வளவு அழகாக எழுதியிருப்பதைச் சந்தேகிக்கவே ஒரு தயக்கம் வருகிறது.

அதனால் உங்களுக்கு அத்துப்படியான விஷயத்தில் தொடங்குங்கள்: உங்கள் தொழில், நீங்கள் ஆழமாகப் படித்த பாடம், எதுவானாலும். குடைந்து குடைந்து கேட்டால் எங்கே சறுக்குகிறது என்று தெரிந்துவிடும். லிங்க் கொடுத்தால் திறந்து பாருங்கள். முக்கியமான மின்னஞ்சலை ஏஐ எழுதித் தந்தால், அர்த்தம் தெரியாத வரியை அப்படியே அனுப்பாதீர்கள். அந்த வரி என்ன சொல்கிறது, தொனி பணிவா கறாரா என்று அதனிடமே கேட்கலாம்.

படிக்கும் வரிசையிலும் குழப்பம் உண்டு. முதல் நாளே, இந்த மாடல்களின் அடிப்படை அமைப்பான டிரான்ஸ்ஃபார்மர் பற்றி 2017-ல் வந்த ஆய்வுக் கட்டுரையைத் திறந்துவைத்து மிரண்டுபோவார்கள் சிலர். பயன்படுத்தக் கற்க அது வேண்டாம். ஆப் உருவாக்கும் எண்ணம் இருந்தால் பைத்தான் என்ற நிரல்மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும், கணக்கு பிறகு. இன்னும் சிலர் 'ஆயிரம் ப்ராம்ப்ட்' (ஏஐயிடம் கேட்கும் கேள்வி, கட்டளை) தொகுப்புகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு ஒன்றையும் முயல்வதில்லை. அதற்கு ஆங்கில வீடியோ ஒன்றைச் சப்டைட்டிலோடு, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கூடவே செய்தும் பார்ப்பது எவ்வளவோ மேல்.

ஒன்று விட்டுப்போயிற்று. மொழிபெயர்க்கத்தானே என்று அலுவலக ஆவணத்தையோ மருத்துவ அறிக்கையையோ முழுதாக ஒட்டிவிடாதீர்கள். பெயர், எண், முகவரியை முதலில் நீக்குங்கள். உரையாடல்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் வசதி செட்டிங்ஸில் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.