வர்ஜீனியாவில் குடியேறியவரைத் தேடுகிறீர்களா? பட்டாவோடு நிறுத்திவிடாதீர்கள்

17ஆம் நூற்றாண்டில், அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியாவுக்குக் கப்பலேறிய மூதாதையர் ஒருவரைப் பழைய ஆவணங்களில் தேடும்போது எல்லாரும் முதலில் நிலப் பட்டாவைத்தான் பார்ப்பார்கள். சரிதான், ஆனால் அதிலுள்ள தேதியை அவர் வந்து இறங்கிய தேதி என்று குறித்துக்கொள்ளாதீர்கள். பல பட்டாக்கள், வந்தவர் தலைக்கு 50 ஏக்கர் நிலம் என்று 1618இல் தொடங்கிய உரிமையின் பேரில் கொடுக்கப்பட்டவை. அந்த உரிமையைக் கைமாற்றி விற்கவும் முடிந்தது, பல வருடம் கழித்து அதைக் காட்டி நிலம் வாங்கியவர்களும் உண்டு.

அப்புறம் கவுன்டி, அதாவது மாவட்ட, நீதிமன்றப் பதிவுப் புத்தகங்கள். எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான். கணவர் நிலத்தை விற்கும்போது, அதில் தனக்குச் சேரவேண்டிய பங்கை விட்டுக்கொடுப்பதாக மனைவி நீதிமன்றத்தில் வந்து சொல்வார். வேறெங்குமே அகப்படாத அவர் பெயர் பல சமயம் அந்த ஒற்றை வரியில்தான் இருக்கும். ‘அநாதை’ என்று எழுதியிருந்தால் தாயும் இறந்துவிட்டதாக முடிவு கட்ட வேண்டாம், அப்பாவை மட்டும் இழந்த பிள்ளையையும் அப்படித்தான் எழுதினார்கள்.

இன்னொன்று, 1752க்கு முன் அங்கே ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. அதனால் 1680 ஜூனில் நிலம் வாங்கியவர் 1680 பிப்ரவரியில் இறந்ததாக இருந்தால் குழம்பாதீர்கள், அது நம் கணக்கில் 1681 பிப்ரவரி.