மொட்டை மாடியில் ஹாம் டிவி: பைக்கோ போர்டு கொண்டு கியூஓ-100 ரிசீவர் செய்யும் முறை

பொழுதுபோக்காக ரேடியோ நிலையம் நடத்தும் ஹாம் ரேடியோக்காரர்கள் (அமெச்சூர்கள்) மைக்கில் பேசுவார்கள், மோர்ஸ் தட்டுவார்கள் என்று பலருக்கும் தெரியும். அவர்கள் டிவியும் அனுப்புகிறார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. வீட்டு மேஜையில் ஒரு கேமரா, சின்ன டிரான்ஸ்மிட்டர், ஒரு டிஷ். அந்தப் படம் விண்வெளிக்குப் போய், பாதி உலகத்தின் மேல் திரும்பி விழுகிறது. சென்னையிலும் கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் விழுகிறது. அதைப் பிடித்துப் பார்க்க ஒரு ரிசீவரை நாமே செய்யலாம். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

நாம் பிடிக்கப்போவது எஸ்ஹெய்ல்-2 என்ற கத்தார் நாட்டுச் செயற்கைக்கோளை. 2018 நவம்பரில் ஏவப்பட்டது. கிழக்குத் தீர்க்கரேகை 25.9 பாகையில் நிலையாக நிற்கிறது. வழக்கமான டிவி சேனல்களுக்கு நடுவே அமெச்சூர்களுக்கென்றே இரண்டு டிரான்ஸ்பாண்டர்களை (கீழிருந்து வரும் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகளை) அதில் வைத்தார்கள். ஹாம்கள் அதற்கு வைத்த பெயர்தான் கியூஓ-100. அதில் அகலமான டிரான்ஸ்பாண்டர் டிவிக்கு: 10491 முதல் 10499 மெகாஹெர்ட்ஸ் வரை, மொத்தம் 8 மெகாஹெர்ட்ஸ். அந்த அலைவரிசையின் அடிப்பகுதியில், 10491.5-ல், ஒரு பீக்கன், அதாவது அடையாளத்துக்காக இடைவிடாமல் அனுப்பப்படும் சிக்னல், ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பீக்கனின் படம் திரையில் வந்துவிட்டால் ரிசீவர் தயார் என்று பொருள்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். வீட்டிலிருக்கும் செட்டாப் பாக்ஸே போதாதா? போதாது. டிஷ் முனையில் இருக்கும் எல்என்பி, வருகிற அலைவரிசையிலிருந்து 9750 மெகாஹெர்ட்ஸைக் கழித்துத்தான் கேபிளில் அனுப்பும். 10491.5-லிருந்து 9750 போனால் 741.5. செட்டாப் பாக்ஸ் ட்யூனர்கள் 950-க்கு மேல்தான் கேட்கும். அதற்குக் கீழே என்ன ஓடினாலும் அவற்றுக்குத் தெரியாது. அது மட்டுமல்ல, ஹாம் சிக்னல்கள் மிக ஒல்லியானவை. வினாடிக்குக் கோடிக்கணக்கான சிம்பல்கள் (தரவைச் சுமக்கும் துடிப்புகள்) வரும் என்று எதிர்பார்க்கிற பெட்டிக்கு, 333 ஆயிரம் மட்டும் வந்தால் கைகொடுக்காது.

வேண்டியவை

இந்த வேலைக்கென்றே பிரிட்டிஷ் அமெச்சூர் டெலிவிஷன் கிளப் வட்டாரத்தில் உருவான வடிவமைப்பின் பெயர் பைக்கோடியூனர். அதில் இரண்டே பெரிய பாகங்கள். ஒன்று, செரிட் எஃப்டிஎஸ்-4334 என்ற ட்யூனர் மாட்யூல். தகர டப்பா போல இருக்கும், இரண்டு எஃப் கனெக்டர் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே எஸ்டிவி6120 ட்யூனர் சிப்பும் சிக்னலிலிருந்து தரவைப் பிரித்தெடுக்கும் எஸ்டிவி0910 டிமாடுலேட்டர் சிப்பும் இருக்கின்றன. 741.5-ஐயும் கேட்கும், ஒல்லி சிக்னலையும் பிரிக்கும். மற்றொன்று ராஸ்பெரி பை பைக்கோ என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. வயர்லெஸ் இல்லாத சாதாரணப் பைக்கோ போதும். ஆனால் பைக்கோ 2 வாங்கிவிடாதீர்கள், அதிலிருப்பது வேறு சிப், பழையதற்கான ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றும் மென்பொருள்) அதில் ஓடாது.

ட்யூனர் மாட்யூலும் வெறும் சர்க்யூட் போர்டும் அந்தக் கிளப்பின் கடையில் கிடைக்கும். மற்றதெல்லாம் சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ வாங்கிவிடலாம்: ரெகுலேட்டர்கள், கெப்பாசிட்டர்கள், எஃப் கனெக்டர், கோஆக்ஸ் கேபிள், ஒரு பயாஸ் டீ (கேபிளில் எல்என்பிக்கு மின்சாரம் ஏற்றி, அது ட்யூனருக்குள் போகாமல் தடுக்கும் சின்ன இணைப்பு). டிஷ் 1.2 மீட்டர் இருந்தால் நிம்மதி. வீட்டு டிடிஎச்சுக்கு மாட்டும் 60 சென்டிமீட்டர் டிஷ்ஷை நம்பி இறங்க வேண்டாம். எல்என்பி, 9750/10600 என்று எழுதியிருக்கும் யுனிவர்சல் வகையாக இருக்கட்டும். பிஎல்எல் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பைக்கோ என்ன செய்கிறது?

கட்டுவதற்கு முன் இதைப் புரிந்துகொண்டால் பின்னால் கோளாறு தேடுவது சுலபம். பைக்கோ படத்தைப் பிரிப்பதில்லை. அது நடுவில் நிற்கும் தபால்காரர். ஒரு பக்கம் ஐ2சி என்ற இரண்டு கம்பி வழியாக ட்யூனருக்கு "இந்த அலைவரிசைக்குப் போ, இந்தச் சிம்பல் வேகத்தில் தேடு" என்று உத்தரவு கொடுக்கிறது. மறுபக்கம் டிமாடுலேட்டர் 8 கம்பிகளில் பைட் பைட்டாகக் கொட்டுகிற தரவை அள்ளி யுஎஸ்பி வழியே கணினிக்கு அனுப்புகிறது. படமாக மாற்றுவது கணினியின் வேலை.

அந்த அள்ளும் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். டிமாடுலேட்டர் யாருக்காகவும் காத்திருக்காது. அதன் கடிகாரத் துடிப்பு ஏறும் ஒவ்வொரு முறையும் ஒரு பைட் வந்துவிடும். சாதாரண மைக்ரோகண்ட்ரோலர் வேறு வேலையாக இருக்கும்போது ஒரு பைட்டைத் தவறவிட்டால் படம் சிதறிவிடும். பைக்கோவின் ஆர்பி2040 சிப்பில் பிஐஓ என்ற தனிப் பகுதி இருக்கிறது. எட்டுக் குட்டி இயந்திரங்கள். "துடிப்பு ஏறியதும் கம்பிகளைப் படி, வரிசையில் போடு" என்று ஒன்றிடம் சொல்லிவிட்டால், முக்கியச் செயலி எதில் மூழ்கியிருந்தாலும் அது தன் வேலையை விடாது. பீக்கனின் தரவு வேகம் வினாடிக்குச் சுமார் 2.4 மெகாபிட். பைக்கோவின் யுஎஸ்பி 12 மெகாபிட் வகை. தாராளமாகப் போதும்.

படி 1: போர்டு

ரெகுலேட்டர்களை முதலில் சால்டர் செய்யுங்கள், ட்யூனரைக் கடைசியில். ட்யூனருக்கு 3.3 வோல்ட்டும், டிமாடுலேட்டரின் உள்ளுக்கு 1 வோல்ட்டை ஒட்டிய இன்னொன்றும் வேண்டும். ட்யூனரை வைப்பதற்கு முன்பே போர்டுக்கு மின்சாரம் கொடுத்து, இந்த இரண்டு இடங்களிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரு வோல்ட் வரவேண்டிய இடத்தில் 3.3 வந்தால் சிப் அந்த நொடியே போய்விடும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மாட்யூல் அது. பைக்கோவின் சொந்த 3.3 வோல்ட் பின்னிலிருந்து ட்யூனருக்கு மின்சாரம் எடுக்கவும் கூடாது, அதற்கு அவ்வளவு சக்தி கிடையாது.

போர்டு இல்லாமல் ஜம்பர் ஒயரில் இணைத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். தரவுக் கம்பிகள் ஒன்றோடொன்று முட்டி, கோளாறு எங்கே என்று தெரியாமல் வாரக்கணக்கில் அலைய நேரும்.

படி 2: ஃபர்ம்வேர்

இது இரண்டு நிமிட வேலை. பைக்கோவில் பூட்செல் என்ற வெள்ளைப் பொத்தானை அழுத்திக்கொண்டே யுஎஸ்பி கேபிளைச் செருகுங்கள். கணினியில் பென் டிரைவ் போல ஒரு டிரைவ் தோன்றும். பைக்கோடியூனரின் யுஎஃப்2 கோப்பை அதில் போடுங்கள். டிரைவ் தானாக மறைந்தால் ஏறிவிட்டது.

அப்புறம் விண்டோஸ் கணினியில் ஓப்பன் டியூனர் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள்.

படி 3: டிஷ்ஷைத் திருப்புதல்

டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்காக மாட்டிய டிஷ் தென்கிழக்கைப் பார்க்கும். நமக்கு வேண்டியது மேற்குப் பக்கம். சென்னையில் வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் 261 பாகை, அதாவது நேர் மேற்கிலிருந்து தெற்கே 9 பாகை. உயரம் 27 பாகை. கோவையில் திசை அதே 261, உயரம் 31-ஐ ஒட்டி வரும். யாழ்ப்பாணத்தில் 263, உயரம் 28. ஆஃப்செட் டிஷ்ஷின் (எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்கும் வழக்கமான வகை) முகம் இந்த உயரத்துக்கு ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கும். கவிழ்ந்திருப்பதுபோல் தெரிந்தாலும் அதுதான் சரி.

மேற்கே தென்னையோ அடுக்குமாடியோ இருந்தால்? மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், மாலை நாலேகாலை ஒட்டி, சென்னையில் சூரியன் சரியாக இந்தச் செயற்கைக்கோள் இருக்கும் இடத்தைத் தாண்டிப் போகிறது. அந்த நேரத்தில் டிஷ் வைக்கும் இடத்தில் வெயில் விழுந்தால் வழி தெளிவு. மற்ற மாதங்களில் திசைகாட்டியும் கைபேசியில் ஒரு சாய்மானம் காட்டும் செயலியும் போதும்.

படி 4: எல்என்பி மின்சாரமும் சுழற்சியும்

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். ஐரோப்பிய வழிகாட்டிகள் எல்லாம் ஒரே குரலில் சொல்வது: டிவி டிரான்ஸ்பாண்டர் கிடைமட்டத் துருவம் (அலை படுத்த நிலையில் ஆடுகிறது), ஆகவே எல்என்பிக்கு 18 வோல்ட் கொடு. நான் அதை அப்படியே நம்பி மூன்று மாலைகள் மொட்டை மாடியில் நின்றேன். டிஷ்ஷை அங்குலம் அங்குலமாக நகர்த்தியும் ஒன்றும் வரவில்லை.

கிடைமட்டம் என்பது செயற்கைக்கோள் இருக்கும் இடத்தின் கணக்கு; பூமியின் நடுக்கோட்டுக்கு இணையான கோடு. ஜெர்மனியிலிருந்து தெற்கே பார்க்கும்போது அந்தக் கோடு பெரும்பாலும் படுத்தே தெரியும். நாமோ நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மேற்கே பார்க்கிறோம். நடுக்கோட்டின் மேலேயே நின்று மேற்கே பார்த்தால் அதே கோடு தலைக்கு மேலிருந்து நேராகக் கீழே இறங்கும். சென்னையில் அது 74 பாகை சாய்ந்து, கிட்டத்தட்ட நிமிர்ந்து வருகிறது. நான் 18 வோல்ட் கொடுத்து, எல்என்பியைத் தவறான பக்கத்தைக் கேட்க வைத்திருந்தேன்.

ஆகவே நமக்கு வழி எளிது. எல்என்பியை வழக்கம்போல் கனெக்டர் கீழே பார்க்க மாட்டுங்கள். 18-க்குப் பதில் 13 வோல்ட் கொடுங்கள்; அது எல்என்பியின் செங்குத்துப் பக்கத்தை எழுப்பும். மிச்சம் 16 பாகை பிசகு மட்டும்தான், அதனால் சிக்னலில் போவது அரை டெசிபலுக்கும் குறைவு. 22 கிலோஹெர்ட்ஸ் டோன் எதுவும் வேண்டாம். டோன் போனால் எல்என்பி 10600-க்குத் தாவிவிடும்.

பழைய லேப்டாப் சார்ஜரின் 19 வோல்ட்டை ஒரு பக் கன்வெர்ட்டரால் 13-க்கு இறக்கி, பயாஸ் டீ வழியாகக் கேபிளில் ஏற்றுகிறேன். பயாஸ் டீயின் எந்த முனை டிஷ் பக்கம், எது ட்யூனர் பக்கம் என்று மாட்டும் முன் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். ட்யூனர் பக்கம் வோல்ட் தெரியக் கூடாது.

படி 5: பீக்கனைப் பிடித்தல்

மாடி ஏறுமுன், இங்கிலாந்தின் கூன்ஹில்லி தரை நிலையத்திலிருந்து இணையத்தில் நேரலையாக வரும் கியூஓ-100 ஸ்பெக்ட்ரம் படத்தைத் திறந்து, பீக்கன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓப்பன் டியூனருக்குள்ளும் அது தெரியும். இடது ஓரத்தில் அகலமான மேடு போல நிற்பதுதான் பீக்கன்.

மென்பொருளில் அலைவரிசை 10491.5, எல்என்பி 9750, சிம்பல் வேகம் 1500 (ஆயிரத்தில்). கேபிள் மாட்டிய முனை எதுவோ அந்த உள்ளீட்டையே தேர்ந்தெடுங்கள். தகர டப்பாவில் இரண்டு முனை இருக்கிறது என்பது அவசரத்தில் மறந்துபோகும். ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (அலைவரிசைகளைக் கணினித் திரையில் காட்டும் யுஎஸ்பி ரிசீவர்) இருப்பவர்கள் முதலில் கேபிளை அதில் செருகி 741.5-ஐப் பாருங்கள். டிஷ்ஷை நகர்த்த நகர்த்தத் தட்டையான இரைச்சலின் நடுவே மேடு மெல்ல எழும்புவது கண்ணுக்கே தெரியும். ட்யூனரோ பூட்டு விழும்வரை, அதாவது சிக்னலைப் பற்றிக்கொள்ளும்வரை, எதுவும் சொல்லாது.

டிஷ்ஷைப் பக்கவாட்டில் மிக மெதுவாக, ஒரு நகர்வுக்கு ஐந்து வினாடி விட்டு, திருப்புங்கள். 1.2 மீட்டர் டிஷ்ஷின் பார்வை 2 பாகைக்கும் குறைவு. வேகமாகத் திருப்பினால் தாண்டிப் போய்விடும். கிடைக்காவிட்டால் உயரத்தை ஒரு பாகை மாற்றி மறுபடியும். பூட்டு விழுந்ததும், சிக்னலின் தரத்தைக் காட்டும் எம்இஆர் என்ற எண் வரும். பீக்கன் 4/5 பிழைதிருத்த விகிதத்தில் ஓடும்போது சுமார் 4.7 டெசிபலுக்கு மேல் இருந்தால்தான் படம். முதலில் பச்சைக் கட்டங்களாகச் சிதறி, ஒரு நொடி உறைந்து, பிறகு சட்டென்று தெளியும். ஏ71ஏ என்ற கத்தார் அழைப்புக்குறி தெரியும். அன்றைக்கு நான் கீழே ஓடி வீட்டில் எல்லோரையும் மாடிக்குக் கூட்டி வந்தேன்.

பூட்டே விழாமல் மேடு மட்டும் தெரிந்தால் எல்என்பியின் அலைவரிசை நகர்ந்திருக்கும். சாதாரண எல்என்பி உச்சி வெயிலில் ஒரு இடத்திலும் ராத்திரி வேறு இடத்திலும் நிற்கும். பீக்கன் அகலமானது, அரை மெகாஹெர்ட்ஸ் முன்னே பின்னே தேடினால் கிடைத்துவிடும். ஆனால் 333 ஆயிரம், 125 ஆயிரம் சிம்பல் வேகத்தில் தனி ஹாம்கள் அனுப்பும் படங்களுக்கு இந்த அலைச்சல் ஆகாது. அதற்குத்தான் அவ்வளவாக நகராமல் நிற்கும் பிஎல்எல் எல்என்பி.

பீக்கன் நிலையானதும் எல்என்பியின் பிடியைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். எம்இஆர் உச்சமாக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த 16 பாகையில் பெரும்பகுதி அங்கே சரியாகிவிடும். பிறகு டிஷ்ஷின் நட்டுகளை ஒன்றை முழுதாக இறுக்காமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள், ஒருவர் கீழே எம்இஆரைப் படித்துக்கொண்டே இருக்கட்டும். எண் குறையாமல் இறுகியதும், குழாயிலும் பிடியிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். புயல் காற்றில் டிஷ் திரும்பினால் அந்தக் கோட்டை வைத்துத்தான் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியும்.