குடியேற்றக் கார்ட்டூன்கள்: பாதிப் படத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்

1893 ஜனவரியில் நியூயார்க்கின் 'பக்' இதழில் ஜோசப் கெப்ளர் ஒரு படம் வரைந்தார். கப்பலிலிருந்து ஓர் ஏழை சுமையோடு இறங்குகிறான். கரையில் நிற்கும் ஐந்து செல்வந்தர்கள் கைகளை உயர்த்தி அவனைத் தடுக்கிறார்கள். இந்த அளவோடு நிறுத்திக்கொண்டால், குடியேற்றத்தை எதிர்க்கும் படம் என்றுதான் தோன்றும். அந்த ஐவரின் முதுகுக்குப் பின்னால் பாருங்கள். விழுந்திருக்கும் நிழல்களில் பட்டுத் தொப்பி இல்லை, விலையுயர்ந்த அங்கி இல்லை. எளிய உடையில் வந்திறங்கிய பழைய குடியேறிகள் அங்கே நிற்கிறார்கள்: ஒரு காலத்து அவர்களே, அல்லது அவர்களுடைய தகப்பன்மார். தாங்கள் கடந்து வந்த பாலத்தையே புதியவனுக்கு மூடப் பார்க்கிறார்கள் என்று அடிக்குறிப்பும் சொல்கிறது. கெப்ளர் வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 'பக்' இதழ்கூட முதலில் ஜெர்மன் மொழியில்தான் வெளிவந்தது.

பகிர்வதற்காக ஒரு படத்தை வெட்டும்போது முதலில் பறிபோவது ஓரமும் அடிக்குறிப்பும்தான். இந்தக் கார்ட்டூன்களைப் படித்து விளக்கம் எழுதுவதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாதி அங்கேயே தொடங்குகிறது. தாமஸ் நாஸ்ட் 1871 பிப்ரவரியில் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில் வரைந்த சீனர் பற்றிய படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பின்சுவர் முழுக்கச் சீனர்களை இழிவுபடுத்தும் சுவரொட்டிகள். சுவரை மட்டும் வெட்டி எடுத்தால் அருவருப்பான இனவெறிப் படமாகிவிடும். முழுப் படத்தில், தளர்ந்துபோய் உட்கார்ந்திருக்கும் ஒரு சீனருக்கு முன்னால் அமெரிக்காவின் உருவகமான கொலம்பியா அரணாக நிற்கிறாள். எதிரே ஆயுதமேந்திய கும்பல். தூரத்தில் 1863 நியூயார்க் கலவரத்தில் எரிக்கப்பட்ட கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லம். இன்று சீனரை அடிக்க வரும் கும்பல் நேற்று யாரை அடித்தது என்பதை நாஸ்ட் அந்த மூலையில் வைத்துவிட்டார்.

உடனே நாஸ்ட்டை மனிதநேயர் என்று கொண்டாடத் தோன்றும். அது அடுத்த தவறு. அதே 1871 செப்டம்பரில் அதே கை, ஓர் ஐரிஷ்காரனைக் குரங்கு முகத்தோடு வெடிமருந்துப் பீப்பாயின் மேல் உட்கார வைத்தது. அதே மாதக் கடைசியில் கத்தோலிக்க ஆயர்களை, தலையில் அணியும் உயரமான தொப்பியே வாயாகத் திறக்கும் முதலைகளாக்கியது. நாஸ்ட் சிறு வயதில் ஜெர்மனியிலிருந்து வந்தவர் என்பதும் சேர்ந்துகொள்கிறது. குழந்தைகள் புத்தகங்களால் புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் டாக்டர் சூஸின் கதையும் இப்படித்தான். ஐரோப்பாவின் துயரத்தைக் கண்டும் காணாமல் இருந்த அமெரிக்கர்களைச் சாடியவர், 1942 பிப்ரவரி 13 அன்று ஜப்பானிய அமெரிக்கர்களை வெடிமருந்து வாங்க வரிசையில் நிற்கும் துரோகிகளாக வரைந்தார். ஆறாம் நாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவர்களை வெளியேற்ற வழிசெய்த ஆணையில் கையெழுத்திட்டார். ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். ஒரு படத்தை வைத்து ஓவியருக்குச் சான்றிதழ் கொடுக்கவும் கூடாது, தீர்ப்பு எழுதவும் கூடாது.

ஆனால் 'படம் வந்தது, அதனால் ஆணை வந்தது' என்று எழுதுவதும் சரியல்ல. அந்த ஆணைக்கான நெருக்குதல் அதற்கு முன்பே வலுத்திருந்தது. சான் பிரான்சிஸ்கோவின் 'வாஸ்ப்' இதழில் ஜார்ஜ் ஃபிரெடெரிக் கெல்லர் 1881 நவம்பரில் சீனரை இழிவுபடுத்தும் ஒரு படம் போட்டார். மறு ஆண்டு மே மாதத்தில், சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்த சீனர் விலக்குச் சட்டம் வந்தது. சட்டத்துக்குப் பின்னால் 1870களின் பொருளாதார மந்தமும் வேலையில்லாத் திண்டாட்டமும் தேர்தல் கணக்கும் இருந்தன. அந்தக் கோபத்துக்கு ஒரு முகம் கொடுத்தது கார்ட்டூன். அதுவே பெரிய குற்றம். இல்லாத குற்றத்தைச் சேர்க்கத் தேவையில்லை.

கெல்லரின் படத்தில் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் சுதந்திர தேவி சிலையின் சாயலில் சீனர் ஒருவர் நிற்கிறார். தலையைச் சுற்றிய கதிர்களில் அழுக்கு, நோய், ஒழுக்கக்கேடு என்ற சொற்கள். நியூயார்க்கில் நின்றுகொண்டிருந்த சிலையைக் கிண்டல் செய்தது என்று விளக்கம் எழுதும்போது ஆண்டைப் பாருங்கள். 1881இல் அந்தச் சிலை அங்கே எழும்பவே இல்லை. திறப்பு விழா 1886இல். சோர்ந்தவர்களை என்னிடம் அனுப்புங்கள் என்று சிலை அழைப்பதாக எம்மா லாசரஸ் கவிதை எழுதியது 1883இல். அந்தக் கவிதை பொறித்த தகடு சிலையின் பீடத்துக்கு வந்தது 1903இல். அதே 1903 ஆகஸ்டில் 'ஜட்ஜ்' இதழில் லூயி டால்ரிம்பிள், குடியேறிகளைப் பொங்கிவரும் கடலாகவும் அமெரிக்காவின் இன்னொரு உருவகமான அங்கிள் சாமை ஒரு பாறையைப் பற்றிக்கொண்டு தவிப்பவராகவும் வரைந்தார்.

வெள்ளம் என்ற அந்த உவமையை வெறும் அலங்காரம் என்று கடந்துபோகிறோம். எனக்கு மிகவும் வலிக்கும் தவறு இது. அலைக்குப் பெயரில்லை, ஊரில்லை, பிள்ளைகுட்டி இல்லை. அதற்கு அணை கட்டலாம். அதனிடம் யாரும் பேச மாட்டார்கள். ஆஸ்திரேலியாவின் 'புல்லட்டின்' இதழில் ஃபில் மே 1886இல் சீனரை எட்டுக்கை ஆக்டோபஸாக வரைந்தார். 2015இல் பிரிட்டனின் 'டெய்லி மெயில்' படத்தில் ஐரோப்பாவின் எல்லையைக் கடக்கும் அகதிகளின் காலடியில் எலிகள் ஓடின. நாமும் தமிழில் 'அகதிகள் படையெடுப்பு' என்று தலைப்பு வைக்கிறோம். கையில் பால்புட்டியோடு வருகிறவர்களுக்குப் படை என்று பெயர். அடிக்குறிப்பைத் தமிழாக்கும்போது 'வந்தேறி' என்ற சொல்லை எழுதுகிறோம். மூலத்தில் வெறுமனே குடியேறி என்றிருந்தால், வசை நம்முடையதாகிவிடுகிறது. மூலமே வசையாக இருந்தால் அதை மென்மையாக்குவதும் பொய்தான்.

'புண்படுத்தும் நோக்கம் இல்லை' என்ற பதிலோடு விவாதத்தை முடிப்பது இன்னொரு தவறு. துருக்கிக் கரையில் இறந்து ஒதுங்கிய சிரியக் குழந்தை, வளர்ந்திருந்தால் பெண்களைச் சீண்டுபவனாகியிருப்பான் என்று 2016 ஜனவரியில் பிரான்சின் நையாண்டி இதழான 'ஷார்லி ஹெப்டோ' வரைந்தது. இனவெறியர்களின் எண்ணத்தைத்தான் அது நையாண்டி செய்தது என்று சிலர் வாதாடினார்கள். இருக்கலாம். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கும் அந்தப் படம் போய்ச் சேர்ந்தது. ஜோர்தான் அரசி ரானியா பதிலுக்குப் பகிர்ந்த உசாமா ஹஜ்ஜாஜின் படத்தில் அதே குழந்தை வளர்ந்து மருத்துவராகிறான்.

கரையில் நிற்பவர்கள் மட்டும்தான் இந்தப் படங்களை வரைகிறார்கள் என்று நினைக்கவும் வேண்டாம். அலி டொரானி என்ற ஈரானிய இளைஞர், ஆஸ்திரேலியா அகதிகளை அடைத்துவைத்த பாப்புவா நியூகினியின் மானுஸ் தீவு முகாமுக்குள்ளிருந்தே வரைந்தார். தனக்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயருக்கு, தின்னப்பட்ட மீன் என்று பொருள். 2016இல் கார்ட்டூனிஸ்டுகளுக்கான சர்வதேச உரிமை அமைப்பு துணிச்சலுக்கான விருதை அவருக்கு அறிவித்தபோதும் அவர் முகாமில்தான் இருந்தார். நார்வே அவரை ஏற்றுக்கொண்டது 2017 இறுதியில்.